நாலு நிரலுக்கு மேல் போனுக்குள் அடங்காது

வன்னியில் ஒரு பட்டியல் ஊர்ச்சனத்திடம் போய்ச் சேர வேண்டுமென்றால் இன்றைக்கு அது போகும் வழி வட்ஸ்அப் குழுதான். மாரி தொடங்கினால் குளங்களின் நீர்மட்டம், சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் முறை, மரண உதவிச் சங்கத்தின் சந்தா நிலுவை, தவணைப் பரீட்சைப் புள்ளி, கோயில் வரவுசெலவு என எல்லாம் எக்செலில் தயாராகி, படமாகி, குழுவில் வந்து விழுகின்றன. விழுவதில் கனக்கப் படங்களை வாசிக்க முடிவதில்லை. "ஆராவது தெளிவாப் போடுங்கோ" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் அதே படத்தைத் தன் போனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, முன்னதைவிட மங்கலாக மறுபடி போடுவார்.

கோப்பையே அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். அனுப்பலாம், ஆனால் பலரின் போனில் அதைத் திறக்கும் செயலி இருக்காது. இருந்தாலும் முதலில் திறப்பது எந்தத் தாள், எந்த மூலை என்பது நம் கையில் இல்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். மறைத்து வைத்த நிரல்களும் கோப்போடு சேர்ந்தே போய்விடும். இத்தனைக்கும் படம் ஒரே மருந்து. ஆனால் படத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது செய்பவரின் மடிக்கணினித் திரை அல்ல, வாசிப்பவரின் போன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சாதாரணப் போனை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏறத்தாழ 68 மில்லிமீற்றர். ஏ4 தாளைக் குறுக்காக வைத்தால் அகலம் 297 மில்லிமீற்றர். அந்தத் தாளில் 11 புள்ளி அளவில் தட்டிய எழுத்து போனில் 68/297 பங்காகச் சுருங்கும், அதாவது இரண்டரைப் புள்ளி. மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்தைவிடச் சிறிது. ஏ4 தாளை நிமிர்த்தினாலும் மூன்றரைப் புள்ளிதான். தமிழில் ணூ, றூ, ஞை போன்ற எழுத்துகளின் சுழிகள் பிரிந்து தெரிய ஏழு புள்ளியாவது வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால் விடை வந்துவிடும்: ஏ5 தாள் (148 × 210 மில்லிமீற்றர்), நிமிர்ந்த வாக்கு, 16 புள்ளி எழுத்து. 68/148 × 16 என்றால் ஏழுக்குச் சற்றுக் கூட. ஏ6 தாளில் 11 புள்ளி வைத்தாலும் ஏறக்குறைய அதே பலன். ஆனால் எக்செல் காட்டும் தாள் அளவுகள் தெரிவு செய்திருக்கும் அச்சியந்திரத்தைப் பொறுத்தவை என்பதால் ஏ6 அந்தப் பட்டியலில் இல்லாமலும் போகலாம்.

"விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம்தானே" என்பார்கள். ஒற்றை வசனத்துக்கு அது சரி, அட்டவணைக்குச் சரிவராது. பெரிதாக்கினால் பெயர் நிரல் இடப்பக்கம் மறைந்துவிடும். வலப்பக்கத் தொகையைத் தேடி விரல் நகரும்போது ஒரு நிரை ஏறியோ இறங்கியோ விடும். பக்கத்து வீட்டுக்காரரின் நிலுவையைத் தன்னுடையது என்று நம்பிச் செயலாளரோடு கொளுவுவதற்கு அது போதும்.

ஏ5, 16 புள்ளி என்று முடிவெடுத்தவுடன் நிரல்களின் எண்ணிக்கையும் தானாக முடிவாகிறது. இரு பக்கமும் 5 மில்லிமீற்றர் ஓரம் விட்டால் 138 மில்லிமீற்றர் மிஞ்சும். ஒரு பெயர் நிரல், மூன்று இலக்க நிரல்கள். அவ்வளவுதான். ஐந்தாவதை நுழைக்கலாம், ஆனால் அதற்கு எழுத்தைச் சிறுக்க வேண்டும், பிறகு முதலிலிருந்து தொடங்கிய கதைதான்.

குளத்து அட்டவணையை எடுப்போம். அலுவலகக் கோப்பில் குளத்தின் பெயர், கொள்ளளவு ஏக்கர் அடியில், முழு மட்டம், நேற்றைய மட்டம், இன்றைய மட்டம், மழைவீழ்ச்சி, திறந்த கதவுகள், குறிப்பு என எட்டு ஒன்பது நிரல்கள் இருப்பது வழக்கம். ஆற்றுக்குக் கீழே இருப்பவருக்கு வேண்டியது குளம், முழு மட்டம், இன்றைய மட்டம், வான் நிலை (நிரம்பிய குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் வான் பாய்கிறதா என்பது). இரணைமடுக் குளத்துக்கு 36 அடி என்ற முழு மட்டம் பக்கத்திலேயே இருந்தால்தான் இன்றைய எண்ணுக்குப் பொருள் வரும், ஆகவே அதை வெட்டக் கூடாது. கொள்ளளவை வெட்டலாம். 'வான் நிலை' நிரலில் 'பாய்கிறது', 'இல்லை' என்று சொல்லாக எழுதுங்கள். நிறத்தால் மட்டும் காட்டினால் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துச் சங்கக் கட்டடத்தில் ஒட்டும்போது அந்தத் தகவல் செத்துவிடும். பெயர் நிரலின் அகலத்தை கனகாம்பிகைக்குளமோ அக்கராயனோ தீர்மானிப்பதில்லை, கரியாலைநாகபடுவான்தான் தீர்மானிக்கும். நீளச் சொல் கலத்துக்குள் அடங்காவிட்டால் எக்செல் அதைக் கண்ட இடத்தில் முறித்து அடுத்த வரிக்குத் தள்ளும். எப்போதும் பட்டியலில் உள்ள நீளமான பெயரை வைத்தே அகலத்தை அளவிடுங்கள்.

இதற்காக மூலத்தாளில் நிரல்களை அழிக்கவோ மறைக்கவோ வேண்டாம். அதே கோப்பில் 'படம்' என்று ஒரு தாள் சேர்த்து, வேண்டிய கலங்களைச் சமன் குறி போட்டு மூலத்தாளிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள். எழுத்தளவு, அகலம், கோடு எல்லாவற்றையும் அங்கே ஒரு தடவை அமைத்துவிட்டால் மறுநாள் மூலத்தாளில் எண்ணை மாற்றுவது மட்டுமே வேலை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூலக்கலம் வெறுமையாக இருந்தால் இழுத்த கலம் 0 காட்டும். அளவீடு வராத குளத்துக்கு '0 அடி' என்று படம் போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இஃப் சூத்திரத்தால் 'வெறுமையென்றால் ஒரு சிறுகோடு, இல்லாவிட்டால் அந்த எண்' என்று எழுதிவிடுங்கள். சந்தாப் பட்டியலில் இது நேர்மாறாகக் குழப்பும்: 0 என்றால் நிலுவை இல்லை, கோடு என்றால் இன்னும் பதியவில்லை. இரண்டும் ஒன்றாகத் தெரியக் கூடாது.

இனி எழுத்துரு. நம்முடைய அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் பாமினி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. படமாக்குவதற்குப் பாமினியே போதும், ஏனென்றால் படத்துக்குள் போன எழுத்து எந்தப் போனிலும் அப்படியே தெரியும். சிக்கல் கலப்பில்தான். பாமினி எழுத்துரு போட்ட கலத்தில் கிலோகிராமுக்கு ஆங்கிலத்தில் கே, ஜி என்ற இரண்டு சிறிய எழுத்துகளைத் தட்டினால் அது 'மப' என்று நிற்கும். நெல்லுக்கணக்கில் '50 மப' என்று பார்த்தால் காரணம் இதுதான். பாமினி இல்லாத கணினிக்குக் கோப்பைக் கொண்டுபோய் அங்கே படமாக்கினால் முழுத் தாளும் ஆங்கில எழுத்தாகிவிடும். அகரவரிசையிலும் பாமினி கைவிடும், ஏனென்றால் எக்செல் வரிசைப்படுத்துவது அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை. வருடக்கணக்கில் ஓடப்போகும் பட்டியல் என்றால் ஒரு நாள் குந்தியிருந்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றிவிடுவது மேல். விண்டோஸ் 8 இலிருந்து வரும் நிர்மலா யூஐ தமிழையும் சிங்களத்தையும் ஒரே எழுத்துருவில் தரும். இருமொழித் தலைப்பு வேண்டிய பட்டியல்களுக்கு அது வசதி. லத்தா எழுத்துருவும் கெட்டதல்ல.

தமிழுக்கு நிரையின் உயரமும் கூட வேண்டும். ஆங்கில எண்ணுக்கு அளந்த உயரத்தில் கு, சூ, று ஆகியவற்றின் வால் வெட்டுப்படும். திரையில் சரியாகத் தெரிந்து பிடிஎஃப்பில் வெட்டுப்படுவதும் உண்டு. 16 புள்ளி எழுத்துக்கு 24 புள்ளி நிரை உயரம் வையுங்கள். தலைப்புக்காகக் கலங்களை ஒன்றிணைத்தால் அந்த நிரையின் உயரத்தை எக்செல் தானாகச் சரிசெய்யாது, இரண்டாவது வரி ஒளிந்துவிடும். ஒன்றிணைக்காமல், கலம் வடிவமைப்பில் 'சென்டர் அக்ரோஸ் செலக்‌ஷன்' என்பதைத் தெரிவுசெய்தால் அதே தோற்றம் கிடைக்கும், தொல்லை இல்லை.

24 புள்ளி என்பது எட்டரை மில்லிமீற்றர். ஏ5 தாளில் மேலும் கீழும் ஓரம் போக 200 மில்லிமீற்றரில் 23 நிரைகள். தலைப்பு, நிரல் பெயர்கள், அடிக்குறிப்புக்கு நான்கு போனால் 19 பெயர்கள். 60 குடும்பங்களின் பட்டியல் என்றால் நான்கு படங்கள், படத்துக்குப் 15 பெயர். இதைச் சொன்னால் "ஒரே நீளப் படமாகப் போட்டால் என்ன" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வட்ஸ்அப் வழமையான தரத்தில் அனுப்பும்போது படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைக்கிறது. 1000 பிக்சல் அகலமும் 6000 பிக்சல் உயரமும் உள்ள படம் 1600 உயரத்துக்கு வரும்போது அகலம் 267 ஆகிவிடும். அதில் வாசிக்க எதுவும் மிஞ்சாது. நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் முழுத் தெளிவோடு போகும். படங்கள் குழுவில் மாறிக் கிடந்தாலும் ஆட்கள் கண்டுபிடிக்க ஒவ்வொன்றின் தலையிலும் 1/4, 2/4 என்று போடுங்கள். நிரல் பெயர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் வர, பேஜ் லேஅவுட்டில் 'பிரிண்ட் டைட்டில்ஸ்' என்ற இடத்தில் மேலே திரும்ப வரவேண்டிய நிரையைக் குறித்துவிட்டால் போதும்.

படமாக்கும் வழிகளில் நாங்கள் நம்புவது பிடிஎஃப் வழியைத்தான். 'படம்' தாளில் அட்டவணையைத் தெரிவுசெய்து 'பிரிண்ட் ஏரியா' குறியுங்கள். தாள் ஏ5, நிமிர்ந்த வாக்கு, ஓரம் அரைச் சென்ரிமீற்றர், அளவு 100 வீதம். 'ஒரு பக்க அகலத்துக்குள் அடக்கு' என்ற தெரிவைத் தொட வேண்டாம். அது சத்தமில்லாமல் எழுத்தைச் சுருக்கிவிடும், நீங்கள் வைத்த 16 புள்ளி 10 ஆகிப்போனது படம் குழுவில் விழுந்த பிறகுதான் தெரியவரும். பக்க எல்லையைக் காட்டும் புள்ளிக்கோடு கடைசி நிரலுக்கு வெளியே விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். உள்ளே விழுந்தால் நிரலைக் குறுக்குங்கள் அல்லது தூக்குங்கள். பிறகு பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். சேமித்ததைத் திறந்து, எண்ணுக்குப் பதில் ##### நிற்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். திரையில் அடங்கிய எண் அச்சில் ஒரு மயிரிழை அகலம் கூடி அடங்காமல் போவது எக்செலில் சாதாரணம். இலக்க நிரல்களைத் தேவைக்குச் சற்று அகலமாக விட்டால் இது வராது.

பிடிஎஃப்பைப் படமாக்கக் கிம்ப் என்ற இலவச மென்பொருளே போதும். அதில் பிடிஎஃப்பைத் திறக்கும்போது தெளிவு எவ்வளவு என்று கேட்கும். அங்கே அங்குலத்துக்கு 200 பிக்சல் கொடுங்கள். ஏ5 பக்கம் 1165 × 1654 பிக்சலாக வரும், வட்ஸ்அப்பின் 1600 எல்லைக்கு மிகக் கிட்ட. 300 கொடுத்தால் கூடுதல் தெளிவு வரும் என்று நினைப்பது வீண், போகும் வழியில் அது வெட்டப்பட்டுவிடும். வெட்டும்போது எழுத்தின் ஓரம் இன்னும் கலங்கும். பக்கங்களைத் தனித்தனிப் படமாகத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் பிஎன்ஜி என்ற படவடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். இணையத்தில் இலவசமாக மாற்றித்தரும் தளங்கள் ஏராளம். குளத்து மட்டத்துக்கு அவை பரவாயில்லை, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள பட்டியலை முகம் தெரியாத ஒரு தளத்துக்கு ஏற்றாதீர்கள்.

அவசரத்துக்கு எக்செலிலேயே 'கொப்பி' பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியில் 'கொப்பி ஆஸ் பிக்சர்' இருக்கிறது. அதை நேரே பெயின்ரில் ஒட்டினால் திரைத் தெளிவுதான் கிடைக்கும். 16 புள்ளி எழுத்து ஏறத்தாழ 21 பிக்சல் உயரம், தமிழுக்கு அது மட்டு மட்டு. பவர்பொயின்ரில் ஒட்டிப் பெரிதாக இழுத்து, அங்கே வலச்சொடுக்கிப் படமாகச் சேமித்தால் எழுத்து உடையாமல் வரும். எக்செலுக்குப் பதிலான இலவச லிப்ரே ஒஃபிஸ் கல்க்கில் நேரடி ஏற்றுமதியில் பிஎன்ஜி இருக்கிறது, ஆனால் பல பக்கப் பட்டியலுக்கு அதை நம்ப வேண்டாம், முதற்பக்கம் மட்டும் வந்து நிற்கும். போனை மட்டும் வைத்து கூகிள் ஷீட்ஸில் வேலை செய்பவர்கள் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து, அதைத் திறந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஓரத்தை வெட்டலாம். மடிக்கணினித் திரையைப் போன் கமராவால் படம்பிடிப்பது மட்டும் வேண்டாம். திரையின் புள்ளிகளும் கமராவின் புள்ளிகளும் மோதி அலையலையாகக் கோடு விழும், அதைச் சுருக்கும்போது எண்கள் கரைந்துவிடும்.

பிஎன்ஜியாகக் கொடுத்தாலும் வட்ஸ்அப் அதை ஜேபெக் என்ற சுருக்கிச் சேமிக்கும் படவடிவுக்கு மாற்றித்தான் அனுப்பும். ஜேபெக் வெளிச்சத்தைவிட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பது வழக்கம். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் பிசிறடிப்பது அதனால்தான். அபாயத்தைக் காட்ட வேண்டுமானால் எழுத்தைக் கறுப்பாகத் தடிப்பாக்கி, கலத்துக்கு வெளிர் மஞ்சள் பூசுங்கள். எக்செலின் மெல்லிய சாம்பல் கோடுகளும் இந்தச் சுருக்கத்தில் காணாமல்போகும். ஒன்றுவிட்டு ஒரு நிரைக்கு வெளிர் நிழல் கொடுப்பது கண்ணை நேரே நடத்திச் செல்லும். 2023 ஓகஸ்டில் வட்ஸ்அப்பில் எச்டி தெரிவு வந்தது, முக்கியமான பட்டியலுக்கு அதை அழுத்தி அனுப்புங்கள். ஆவணமாக அனுப்பினால் ஒரு பிக்சலும் குறையாது, ஆனால் குழுவில் படமாக விரியாமல் கோப்பாக நிற்கும். தட்டித் திறக்கிற பொறுமை எல்லாருக்கும் இல்லை.

எண்களைப் பற்றி இரண்டு மூன்று விசயம். 12 இலக்கப் புதிய அடையாள அட்டை எண்ணைச் சாதாரணக் கலத்தில் தட்டினால் எக்செல் அதைப் புள்ளியும் ஆங்கில 'ஈ' எழுத்தும் கூட்டற்குறியும் கலந்த அறிவியல் வடிவத்துக்கு மாற்றிவிடும். தொலைபேசி எண்ணின் முன் 0 விழுந்துவிடும். இரண்டு நிரல்களையும் தட்டத் தொடங்கும் முன்பே 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றிவிட வேண்டும், பிறகு மாற்றினால் விழுந்த 0 தானாக எழும்பி வராது. கணினியின் பிராந்திய அமைப்பு இந்தியாவுக்கு இருந்தால் ஒன்றரை இலட்சம் 1,50,000 என்று காற்புள்ளி போட்டு நிற்கும். நம் வங்கிப் புத்தகத்தில் 150,000. திகதி இன்னும் மோசம்: 05/11 என்பது கார்த்திகையா வைகாசியா என்று படத்தைத் தட்டிப் பார்த்து அறிய முடியாது. 2025.11.05 என்று ஆண்டை முன்னிறுத்தி எழுதுங்கள்.

ஆண்டு கட்டாயம் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் கீழே எழுதும் வரி முன்னனுப்பும்போது உதிர்ந்துபோகலாம், கோப்பின் பெயரும் போனில் மாறிவிடும். ஆண்டில்லாத நீர்மட்டப் படம் அடுத்த மார்கழி மழைக்கும் உயிர்பெற்றுச் சுற்றும். இன்றைய திகதியைத் தானாகக் காட்டும் சூத்திரத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், பழைய கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது புதுத் திகதி போடும். கொன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் அன்றைய திகதி அசையாமல் பதியும். பக்கத்தில் அளந்த நேரத்தையும் எழுதிவிடுங்கள். காலை 6 மணி மட்டமும் மாலை 6 மணி மட்டமும் மழைக்காலத்தில் வேறு வேறு செய்திகள்.

உதவித்திட்டப் பயனாளிகள் பட்டியலில் அடையாள அட்டை எண்ணை முழுதாகப் போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். புதியதில் முதல் நான்கு ஆண்டு, அடுத்த மூன்று நாள். ஒரு பெண்ணின் பெயரும் எண்ணும் இருந்தால் பிறந்த திகதி யாருக்கும் கிடைத்துவிடும். கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் ரைட் சூத்திரத்தால் எடுத்துப் 'படம்' தாளில் காட்டுங்கள். பழையது, புதியது இரண்டிலும் அந்த நான்கில் பிறந்தநாள் இல்லை, ஆனால் உரியவர் தன் எண்ணைப் பார்த்துச் சரிபிடிக்க அது போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். போனில் கறுப்புத் தூரிகையால் பூசி மறைப்பதும் நம்பத்தக்கதல்ல. சில தூரிகைகள் அரைகுறையாக ஒளிபுகும், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண் தெரியும். மறைக்க வேண்டியது படமாகும் தாளுக்கே வரக் கூடாது.

மாணவர் புள்ளிகளுக்கு முழுப் பட்டியலைப் பெற்றோர் குழுவில் போடுவதைவிட ஆளுக்கொரு படம் நல்லது. வேர்ட்டில் மெயில் மேர்ஜ் செய்து, எக்செல் பட்டியலை இணைத்து, மாணவருக்கு ஒரு பக்கம் வீதம் பிடிஎஃப் எடுத்தால் 40 பிள்ளைகளுக்கு 40 பக்கம் ஒரே ஓட்டத்தில் வரும். அதைக் கிம்பில் திறந்து பிரிப்பது முன் சொன்ன வேலையேதான்.

பிழையான படம் போய்விட்டால் 'எல்லோருக்கும் அழி' என்பதை வட்ஸ்அப் இரண்டு நாளும் 12 மணித்தியாலமும் அனுமதிக்கும். ஆனால் அதற்குள் முன்னனுப்பியதும் சேமித்ததும் அழியாது. ஆகவே திருத்திய படத்தை அதே தோற்றத்தில் போடாதீர்கள். தலைப்புப் பட்டையின் நிறத்தை மாற்றி, 'திருத்தம் 1' என்று பெரிதாக எழுதி, எந்த நிரையில் எந்த எண் மாறியது என்பதை அடியில் ஒரு வரியில் சொல்லுங்கள். அதே வரியைச் செய்தியாகவும் தட்டி அனுப்புங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் குழுவில் தேடிப் பிடிக்க முடியாது, பார்வையற்றவர்களுக்குப் போன் வாசித்துக் காட்டுவதும் தட்டிய செய்தியைத்தான்.